பிளாஸ்டிக்கில் ஏறிய மை

மைக்கறைக்கு வைத்தியம் சொல்லாத வீடு கிடையாது. ஒருவர் சானிடைசர் என்பார், இன்னொருவர் பற்பசை என்பார், மாடி வீட்டுக்காரர் நெயில் பாலிஷ் ரிமூவரைக் கையோடு எடுத்துக்கொண்டே வந்துவிடுவார். மூன்று பேர் சொல்வதும் எங்கோ பலித்ததுதான். எந்தப் பொருளின் மேல் பலித்தது என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. இந்த அத்தியாயம் முழுக்க அந்த விடுபட்ட பாதியைப் பற்றியதுதான். மையைக் கரைக்கும் திரவங்கள் கடையில் ஏராளம். அவற்றில் எதை உங்கள் கையிலிருக்கும் பிளாஸ்டிக் தாங்கும் என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். மை எந்த வகை என்பது இரண்டாவது. மருந்து மூன்றாவதாகத்தான் வர வேண்டும். இந்த வரிசையைத் தலைகீழாக்குகிறவர்கள்தான் கறையைப் போக்கிவிட்டுப் பொருளைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

புனேயில் இந்தச் சிக்கல் வருவதற்குக் காரணங்கள் கூடுதல். சதாசிவ் பேட், நாராயண் பேட் பக்கம் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் தங்கும் அறைகளில் பிளாஸ்டிக் மேஜை, பிளாஸ்டிக் நாற்காலி, சுவரில் ஒரு வொயிட் போர்டு. பேனாவும் மார்க்கரும் வாங்க எல்லோரும் போகும் அப்பா பல்வந்த் சௌக் கடைகளில் பெர்மனென்ட் மார்க்கரும் வொயிட் போர்டு மார்க்கரும் ஒரே உருவத்தில் பக்கத்துப் பக்கத்து டப்பாக்களில் இருக்கும். அவசரத்தில் ஒன்றுக்கு மற்றது கைமாறுவது வெகு சுலபம். வாடகை வீட்டில் குடியிருக்கும் குடும்பத்துக்கு இன்னொரு கவலை: வீட்டுக்காரர் கொடுத்த ஃபிரிட்ஜின் கதவிலோ வெள்ளை ஸ்விட்ச் போர்டிலோ பிள்ளை கிறுக்கியிருந்தால், காலி செய்யும்போது டெபாசிட்டில் கை வைப்பார்கள். மை பட்ட பத்து ரூபாய் பிளாஸ்டிக் டப்பாவுக்கு இத்தனை ஆராய்ச்சியா, தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்கலாமே என்று கேட்கலாம். டப்பா விஷயத்தில் சில சமயம் அதுவும் நியாயமான முடிவுதான். ஆனால் கறை படிவது டப்பாவில் மட்டும் இல்லை. லேப்டாப் மூடி, சலவை இயந்திரத்தின் முகப்பு, ஹெல்மெட், ரெக்ஸின் சோபா என்று தூக்கிப் போட முடியாதவைதான் அதிகம். டப்பாவையே எடுத்துக்கொண்டாலும், 2018 மார்ச்சில் மகாராஷ்டிர அரசு பிளாஸ்டிக் பைகளையும் ஒருமுறை பயன்படுத்தி வீசும் தட்டு, கிண்ணங்களையும் தடை செய்த பிறகு, பலமுறை பயன்படும் நல்ல டப்பாவை ஒரு கோட்டுக்காகக் கழிப்பது கெட்டிக்காரத்தனம் இல்லை.

முதலில் மையைப் பார்த்துவிடலாம், அது சுலபம். ஃபவுண்டன் பேனா மையும் பிள்ளைகளின் ஸ்கெட்ச் பேனா மையும் பெரும்பாலும் தண்ணீரில் கரைந்த சாயங்கள். பால்பாயிண்ட் பேனாவின் மை அப்படியில்லை. பென்சைல் ஆல்கஹால், பினாக்சி எத்தனால் போல மெல்ல உலரும் கனமான ஆல்கஹால்களில் சாயத்தையும் பிசினையும் கரைத்துச் செய்த பசை அது. பெர்மனென்ட் மார்க்கரில் எத்தனால், புரோப்பனால் போல வேகமாக உலரும் ஆல்கஹால். அது பறந்துபோனதும் பிசினும் சாயமும் மெல்லிய படலமாக ஒட்டிக்கொள்ளும். வொயிட் போர்டு மார்க்கரும் ஏறக்குறைய அதே குடும்பம்தான், ஆனால் படலம் பரப்பில் ஒட்டாமல் உரிந்துவர ஒரு வழுக்குப் பொருளையும் அதில் சேர்த்திருப்பார்கள். ஜெல் பேனா மை தண்ணீரில் மிதக்கும் நுண்ணிய நிறத்துகள்களால் ஆனது. கறுப்பு ஜெல் மையில் அந்தத் துகள் பல சமயம் வெறும் கரி. இந்த வேறுபாட்டிலிருந்தே பாதி வைத்தியம் தெரிந்துவிடும். தண்ணீர் மைக்குத் தண்ணீரும் பாத்திரம் தேய்க்கும் லிக்விடும் போதும். பால்பாயிண்ட், மார்க்கர் இரண்டுக்கும் ஆல்கஹால் வேண்டும். ஜெல் மையைக் கரைக்க முடியாது, ஈரமாக்கித் துகள்களைத் தூக்கித்தான் எடுக்க வேண்டும்.

சாயங்களைப் பற்றிப் பேசும் இடத்தில் புனேயில் ஒரு தமிழர் பெயரைச் சொல்லாமல் தாண்ட முடியாது. 1901இல் சென்னையில் பிறந்த கிருஷ்ணசாமி வெங்கட்ராமன் 1957இல் பாஷாண் சாலையிலுள்ள தேசிய வேதியியல் ஆய்வுக்கூடத்தின் முதல் இந்திய இயக்குநரானார். செயற்கைச் சாயங்களின் வேதியியல் பற்றி 1952இல் அவர் தொடங்கிய பல தொகுதி நூல் உலகெங்கும் அந்தத் துறையின் அடிப்படை நூலாக இருந்தது. அவருக்குப் பின் 1966இல் அந்த நாற்காலிக்கு வந்த பி. டி. திலக்கும் சாய வேதியியல்காரர்தான். அந்தத் துறை நமக்குச் சொல்லும் பாடத்தில் இந்த அத்தியாயத்துக்கு வேண்டியது ஒன்று. சாயங்கள் எல்லாம் ஒரே உறுதி கொண்டவை அல்ல. பால்பாயிண்ட் மையில் அதிகம் பயன்படும் ஊதா, நீல நிற டிரைபினைல்மீத்தேன் சாயங்கள் வெயிலையும் ஆக்சிஜனேற்றத்தையும் தாங்காமல் வெளுத்துவிடும். தாலோசயனின் நீலம் லேசில் அசையாது. கரியை எந்த வெளுப்பானும் வெளுக்காது. இந்தத் தகவல் கடைசியில், மற்ற எல்லாம் தோற்ற பிறகு, கைகொடுக்கும்.

இனிப் பிளாஸ்டிக். ஒரு திரவம் ஒரு பொருளைக் கரைக்குமா என்பதை ஊகிக்க வேதியியலில் கரைதிறன் அளவுரு என்று ஓர் எண் வைத்திருக்கிறார்கள். திரவத்தின் எண்ணும் பொருளின் எண்ணும் நெருங்கி இருந்தால் இரண்டும் கலக்கும், விலகி இருந்தால் கலக்காது. வழக்கமான அலகில், நெயில் பாலிஷ் ரிமூவரிலுள்ள அசிட்டோனின் எண் சுமார் 20. பாலிஸ்டைரீனுக்கு 18 முதல் 19, அக்ரிலிக்குக்கு 19, பாலிகார்பனேட்டுக்கு 20. அதாவது வீட்டிலிருக்கும் கண்ணாடி போன்ற, பளபளப்பான, கெட்டியான பிளாஸ்டிக்குகளில் பெரும்பாலானவை அசிட்டோனின் வாசலிலேயே நிற்கின்றன. அவற்றின் மேல் நெயில் பாலிஷ் ரிமூவரை வைத்தால் மை கரையும், மைக்குக் கீழேயுள்ள பரப்பும் சேர்ந்து கரையும். எத்தனாலின் எண் 26, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலுக்கு 23 முதல் 24. இவை தள்ளி நிற்கின்றன. பாலிபுரோப்பிலீனும் பாலிஎத்திலீனும் 16, 17 அருகில் இருப்பதோடு, அவற்றின் மூலக்கூறுகள் படிகம்போல் நெருங்கி அடுக்கியிருப்பதால் சாதாரண வெப்பநிலையில் எந்த வீட்டுத் திரவத்திலும் கரைவதில்லை. கரைப்பான் தேவைப்பட்டால் ஆல்கஹாலில் தொடங்க வேண்டும் என்று கைப்புத்தகங்கள் சொல்வதற்குப் பின்னால் இந்தக் கணக்குத்தான் இருக்கிறது.

கணக்கு இவ்வளவு தெளிவாக இருந்தால் ஆல்கஹாலை எங்கும் பயமில்லாமல் ஊற்றலாமே என்று தோன்றும். அங்கேதான் தடுக்கி விழுவார்கள். கரைக்காத திரவமும் பிளாஸ்டிக்கை உடைக்கும். அச்சில் வார்க்கும்போதோ திருகி இறுக்கும்போதோ பிளாஸ்டிக்கின் உள்ளே ஓர் இழுவிசை தங்கிவிடுகிறது. அக்ரிலிக், பாலிகார்பனேட் போன்றவற்றில் ஆல்கஹால் அந்த இழுவிசை நிற்கும் இடங்களில் நுழைந்து, தலைமுடி போன்ற வெடிப்புகளை உண்டாக்கிவிடும். உடனே தெரியாது. சில நாள் கழித்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் ஓரங்களிலும் திருகாணி ஓட்டைகளைச் சுற்றியும் கோடு கோடாக மின்னும். எனவே அக்ரிலிக் போட்டோ சட்டம், பெயர்ப்பலகை, மீன் தொட்டி மூடி போன்றவற்றில் சோப்புத் தண்ணீரைத் தாண்டிப் போகாமலிருப்பது நல்லது. மெல்லிய ரெக்ஸின் உள்ளிட்ட மெதுவான பிவிசியில் ஆபத்து வேறு மாதிரி. அதை வளையச் செய்வதற்காகச் சேர்த்த எண்ணெய் போன்ற இளக்கப் பொருளை ஆல்கஹால் உறிஞ்சி எடுத்துவிடும். சில விநாடி ஒற்றி எடுத்தால் ஒன்றுமில்லை. நனைந்த துணியை அரை மணி நேரம் போட்டு வைத்தால் அந்த இடம் விறைத்துப்போகும்.

எது எந்தப் பிளாஸ்டிக் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பொருளைக் கவிழ்த்துப் பாருங்கள். 1988இல் அமெரிக்கத் தொழில்துறை தொடங்கி வைத்து, இன்று இந்தியாவிலும் வழங்கும் முக்கோணக் குறிக்குள் ஓர் எண் இருக்கும். 1 தண்ணீர் பாட்டில் வகை, 2 கெட்டியான பாலிஎத்திலீன், 3 பிவிசி, 4 மெல்லிய பாலிஎத்திலீன், 5 பாலிபுரோப்பிலீன், 6 பாலிஸ்டைரீன், 7 மற்ற எல்லாம். 2, 4, 5 என்றால் ஆல்கஹாலை நம்பிப் பயன்படுத்தலாம், 1-உம் தாங்கும். 3 என்றால் சுருக்கமாக முடிக்க வேண்டும். 6, 7 என்றால் அசிட்டோன் கூடவே கூடாது, ஆல்கஹாலையும் மறைவான இடத்தில் சோதித்துத்தான் தொட வேண்டும். எண் இல்லாவிட்டால் தண்ணீர்ச் சோதனை உதவும். பாலிபுரோப்பிலீனும் பாலிஎத்திலீனும் தண்ணீரைவிட லேசானவை, மிதக்கும். பாலிஸ்டைரீன், ஏபிஎஸ், அக்ரிலிக், பாலிகார்பனேட், பிவிசி எல்லாம் மூழ்கும். முழுப் பொருளையும் முக்க முடியாதபோது உள்பக்கத்து ஓரத்திலிருந்து நகக்கண் அளவு சீவி, சோப்பு ஒரு துளி கலந்த தண்ணீரில் போட்டால் போதும். சோப்பு இல்லாவிட்டால் காற்றுக் குமிழி ஒட்டிப் பொய் சொல்லும். எண்ணும் இல்லை, சீவவும் முடியாது என்றால் இதை நினைவில் வையுங்கள்: பிளாஸ்டிக் நாற்காலிகளும் உணவு டப்பாக்களும் பெரும்பாலும் பாலிபுரோப்பிலீன். ஃபிரிட்ஜின் உட்பகுதியும் பல மின் சாதனங்களின் வெளிக்கூடும் பாலிஸ்டைரீன் அல்லது ஏபிஎஸ். லேப்டாப் கூடுகளில் ஏபிஎஸ்ஸும் பாலிகார்பனேட்டும் கலந்திருக்கும். படிப்பு மேஜையின் சன்மைக்கா இவற்றில் எதிலும் சேராது. அது சூட்டில் இறுகிய மெலமைன் பிசின், ஆல்கஹாலுக்கு அசையாது.

நெயில் பாலிஷ் ரிமூவரால் துடைத்தேன், ஒன்றும் ஆகவில்லையே என்று சொல்கிறவர் பொய் சொல்லவில்லை. அவர் துடைத்தது பாலிபுரோப்பிலீன் நாற்காலியாக இருந்திருக்கும். அதே பாட்டிலை ரிமோட்டின் மேல் சாய்த்திருந்தால் கூடு கொழகொழத்துக் கைரேகை பதிந்திருக்கும். ஒரு பொருளில் கிடைத்த வெற்றி இன்னொரு பொருளுக்குச் சாட்சி ஆகாது. அசிட்டோன் இல்லை என்று லேபிளில் போட்ட ரிமூவர் வாங்கினால் தப்பிக்கலாமா என்றால், அதிலும் பெரும்பாலும் எத்தில் அசிட்டேட்தான் இருக்கும். நகத்துக்கு அது மென்மையாக இருக்கலாம். பாலிஸ்டைரீனுக்கும் ஏபிஎஸ்ஸுக்கும் அசிட்டோனின் தம்பிதான். பெயிண்ட் கடைத் தின்னரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். டொலுவீன் போன்ற பல கரைப்பான்கள் கலந்தது அது, வீட்டுக்குள் முகர்வதற்கே ஏற்றதல்ல.

ஹெல்மெட்டைத் தனியாகச் சொல்ல வேண்டும். 2019 தொடக்கத்தில் போலீஸ் ஹெல்மெட் விதியைக் கடுமையாக்கியபோது அதை எதிர்த்து ஊர்வலமே போன நகரம் புனே. அணிவதா வேண்டாமா என்ற விவாதம் இருக்கட்டும், அணிகிற ஹெல்மெட் அடியைத் தாங்க வேண்டும் என்பதில் இரு தரப்புக்கும் சண்டை இருக்க முடியாது. பார்க்கிங்கில் மாறிப்போகாமலிருக்கப் பலர் ஹெல்மெட்டில் மார்க்கரால் பெயரெழுதி வைப்பதுண்டு. சாதாரண ஹெல்மெட்டின் ஓடு ஏபிஎஸ், முன்கண்ணாடி பாலிகார்பனேட், உள்ளே தெர்மாகோல் நுரை. மூன்றுமே கரைப்பானுக்குப் பலவீனமானவை, நுரை அசிட்டோனில் நொடியில் உருகும். வெளியே தெரியாத வெடிப்பு விழுந்த ஓடு விபத்தன்று கைவிட்டுவிடும். எனவே ஹெல்மெட்டில் இளஞ்சூட்டுச் சோப்புத் தண்ணீருக்கு மேல் எதுவும் வேண்டாம். பெயர் போகாவிட்டால் இருந்துவிட்டுப் போகட்டும், அல்லது மேலே ஒரு ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்ளலாம்.

இப்போது வேலை. முதலில் எப்போதும் சோப்புத் தண்ணீரும் மெல்லிய துணியும். தண்ணீர் மை இதிலேயே போய்விடும், ஜெல் மையிலும் பெரும்பகுதி இதில் வரும். மிச்சத்துக்கு ஆல்கஹால். மருந்துக் கடை சர்ஜிக்கல் ஸ்பிரிட், 2020க்குப் பிறகு எல்லா வீட்டிலும் கிடக்கும் சானிடைசர், புத்வார் பேட்டில் பாசோட்யா விட்டோபா பக்கத்து எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் கிடைக்கும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், இந்த மூன்றில் எதுவும் ஆகும். உலக சுகாதார நிறுவனம் சொன்ன சானிடைசர்க் கலவையில் எத்தனால் 80 சதவீதம் அல்லது ஐசோபுரோப்பைல் 75 சதவீதம், கூடக் கொஞ்சம் கிளிசரின். அந்தக் கிளிசரினால் துடைத்த பிறகு பிசுபிசுப்பு நிற்கும், சோப்புத் தண்ணீரால் கழுவிவிடலாம். ஜெல் வகையாக இருந்தால் செங்குத்தான பரப்பில் வழியாமல் நிற்கும், ஃபிரிட்ஜ் கதவுக்கு அது வசதி. திரவத்தைப் பிளாஸ்டிக்கின் மேல் ஊற்றாதீர்கள். பஞ்சில் நனைத்து, மறைவான இடத்தில் ஒற்றி, பத்து நிமிடம் பொறுத்து, பளபளப்பு மங்கவில்லை, பஞ்சில் பிளாஸ்டிக்கின் நிறம் ஏறவில்லை, விரல் ஒட்டவில்லை என்று பார்த்த பிறகு கறைக்கு வாருங்கள். தேய்க்க வேண்டாம், ஐந்தாறு விநாடி அழுத்தி வைத்து எடுங்கள். ஒவ்வொரு முறையும் பஞ்சின் புதுப் பக்கம், ஓரத்திலிருந்து நடுவை நோக்கி. நடுவிலிருந்து தேய்த்தால் கடுகளவு கறை கைக்குட்டை அளவுக்குப் பரவும். கரைந்த சாயம் பஞ்சுக்குள் போவதற்குப் பதில் பிளாஸ்டிக்குக்குள் போகவும் இடம் கிடைக்கும். கீபோர்டு, ரிமோட் ஆகியவற்றில் அச்சிட்ட எழுத்துகளையும் ஆல்கஹால் அழிக்கும் என்பதால் அங்கே காது குடையும் பஞ்சுக்குச்சிதான் சரி.

வொயிட் போர்டில் பெர்மனென்ட் மார்க்கர் விழுந்துவிட்டால் அதன் மேலேயே வொயிட் போர்டு மார்க்கரால் தடித்து எழுதி, உலர்வதற்குள் துடைக்கும் தந்திரம் பலருக்குத் தெரிந்திருக்கும். இதில் மாயம் இல்லை. புது மையின் ஆல்கஹால் பழைய படலத்தை இளக்குகிறது, அதன் வழுக்குப் பொருள் இரண்டையும் சேர்த்துத் தூக்கிவிடுகிறது. கெட்டியான, நுண்துளையில்லாத பரப்புக்கு மட்டும் இது பொருந்தும்.

பற்பசைக்கு வருவோம். அது மையைக் கரைப்பதில்லை. அதிலுள்ள சுண்ணத் துகளோ சிலிக்காவோ மையோடு சேர்த்துப் பிளாஸ்டிக்கின் மேல் தோலையும் சுரண்டுகிறது. சொரசொரப்பான நாற்காலியில் தெரியாது. பளபளப்பான பரப்பில் கறை இருந்த இடம் மங்கலான ஒரு தேமலாக நிரந்தரமாகத் தங்கும், அடுத்த கறை அங்கே இன்னும் ஆழமாகப் பிடிக்கும். சமையல் சோடாவும், மாயப் பஞ்சு என்று விற்கும் வெள்ளை மெலமைன் நுரையும் இதே வகைதான், நுரை கொஞ்சம் நாசூக்காகச் சுரண்டும், அவ்வளவே. ஜெல் பேனாவின் கரிக்கறைக்கு வேறு வழியில்லாதபோது, மங்கலான பரப்பில், லேசான கையால் நுரையைப் பயன்படுத்தலாம். எலுமிச்சையும் வினிகரும் இரும்புச்சத்துள்ள அந்தக் கால மைக்குப் பலன் தந்தவை. இன்றைய பால்பாயிண்ட் மைக்கு அவற்றால் பயனில்லை, சமையலுக்கு வைத்துக்கொள்வதே லாபம்.

எல்லாம் செய்தும் ஒரு நீல நிழல் நிற்கிறது என்றால், மை இப்போது பிளாஸ்டிக்கின் மேல் இல்லை, உள்ளே இருக்கிறது. பொம்மை, ரெக்ஸின், மேஜை விரிப்பு போன்ற மெதுவான பிவிசியில் இது அதிகம். சாயம் அதிலுள்ள இளக்கப் பொருளில் கரைந்து உள்ளே ஊர்ந்துபோகும். ஏப்ரல், மே மாத வெயிலில் மூடிய காருக்குள் கிடந்த பையில் இன்னும் வேகமாக ஊரும். துடைப்பதால் இனிப் பயனில்லை, இருக்கும் இடத்திலேயே நிறத்தை அழிக்கத்தான் பார்க்க வேண்டும். இதற்குப் பழைய பொம்மை சேகரிப்பவர்கள் கண்டுபிடித்த வழி, முகப்பருவுக்கு விற்கும் பென்சாயில் பெராக்சைடு களிம்பு. ஹைட்ரஜன் பெராக்சைடு தண்ணீரில் இருப்பதால் பிளாஸ்டிக்குக்குள் நுழைவதில்லை. பென்சாயில் பெராக்சைடு எண்ணெய்ப் பசையுள்ள இடத்தில் கரையும் தன்மை கொண்டது, சாயம் போன வழியிலேயே தானும் போகும். கறையின் மேல் மட்டும் மெல்லியதாகத் தடவி, காய்ந்துபோகாமல் மெல்லிய பிளாஸ்டிக் தாளால் மூடி, சில மணி நேரம் வெயிலில் வைத்து, துடைத்து, மறுநாள் மீண்டும் செய்ய வேண்டும். வாரக் கணக்கில் கூட ஆகலாம். வெயிலுக்கு வெளுக்கும் டிரைபினைல்மீத்தேன் ஊதா, நீலங்கள் மறையும், மற்றவை மங்குவதோடு நிற்கும், கரி அப்படியே இருக்கும். வெள்ளை, தோல் நிறப் பொருள்களுக்கே இது பொருந்தும். நிறமுள்ள ரெக்ஸினில் செய்தால் சோபாவின் நிறமும் வெளுக்கும், களிம்பு பட்ட துண்டும் வெளுக்கும்.

சோப்பைத் தவிர இங்கே சொன்னவை எதையும் அடுப்பறையில் வைத்துச் செய்யாதீர்கள். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலின் ஆவி 12 டிகிரி செல்சியஸிலேயே தீப்பிடிக்கும் அளவுக்குச் சேரும், அசிட்டோனுக்கு அந்த எல்லை பூஜ்யத்துக்குக் கீழே 20. புனேயின் குளிர்கால விடியற்காலைகளைத் தவிர ஆண்டு முழுவதும் ஆல்கஹால் அந்த எல்லைக்கு மேலேதான் இருக்கிறது. சுவாமி விளக்கு, ஊதுபத்தி, கேஸ் அடுப்பு எதுவும் அந்த அறையில் எரியக் கூடாது. ஜன்னல் திறந்திருக்கட்டும். மின் சாதனங்களின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஆவி முழுதும் போன பிறகு செருகுங்கள். ஒன்று போதவில்லை என்று இன்னொன்றைக் கலக்க வேண்டாம். குறிப்பாகப் பிளீச்சிங் திரவத்தை ஆல்கஹாலோடும் அசிட்டோனோடும் சேர்த்தால் குளோரோஃபார்ம் போன்ற நச்சுகள் உண்டாகும், வினிகரோடோ டாய்லெட் ஆசிட்டோடோ சேர்த்தால் குளோரின் வாயு வரும். சர்ஜிக்கல் ஸ்பிரிட் குடிக்க முடியாதபடி கெடுக்கப்பட்டது, பிள்ளைகள் கைக்கெட்டாமல் வைக்க வேண்டும்.

உணவு டப்பாவின் வெளிப்புறத்திலும் மூடியிலும் உள்ள மையை மேலே சொன்னபடி ஆல்கஹாலால் எடுத்து, சோப்பால் இரண்டு முறை கழுவி, திறந்து வைத்துக் காயவிட்டால் மறுபடி உணவு வைக்கலாம். உள்புறத்தில் மை ஊறியிருந்தால் அதை எடுக்க மெனக்கெடாமல் ஆணி, திருகாணி, நூல்கண்டு வைக்கும் டப்பாவாக மாற்றிவிடுவது உத்தமம். உள்ளே ஊறிய சாயம் சூடான, எண்ணெய்ப் பசையுள்ள குழம்பில் திரும்ப வெளியே வரக்கூடியது, அதற்குப் போட்ட பெராக்சைடும் உணவுக்கானதல்ல. வேலை முடிந்த பஞ்சுகளை உடனே கூடையில் போடாமல் பால்கனியில் ஆவி போகும்வரை உலரவிட்டு, ஒரு தாளில் பொதிந்து, குப்பை எடுக்க வருகிறவரிடம் உலர் குப்பையோடு கொடுங்கள். அதைக் கையால் பிரிக்கப் போகிறவர் அவர்தான்.